வெங்காய மண்டியில் நடந்த டியூஷன்

போன மாதம், முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடையெல்லாம் போர்த்தி முடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க எப்பவாச்சும் டியூஷன் எடுத்திருக்கீங்களா?" என்றாள். பக்கத்து வீட்டு நகையைத் திருடியிருக்கிறீர்களா என்று கேட்பது மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்தேன். காசு வாங்கிக்கிட்டுத்தான் எடுத்தேன்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது, போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள், இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று தன் வகுப்பே இரண்டாகப் பிரிந்துபோனதைப் பார்த்தவள். "இந்த மாதிரி முன்னாடி நடந்திருக்கவே நடந்திருக்காது மேடம்" என்றாள். ஏன் நடக்காமல்? அறுபத்தைந்தாம் வருடம் நடந்தது. அப்போது போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு விலாவாரியாகச் சொல்ல முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் கதை பெரிய கதையில்லை. சின்னாளப்பட்டியில் நெசவுக்காரர் வீடு. மதுரையில் பி.எஸ்ஸி. கணக்கு, பிறகு பி.டி. பயிற்சி. ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டதில் பாதியை முதல் வருடமே தூக்கிப் போட்டேன். மீதிப் பாதியைத் தூக்கிப் போட வைத்தவர் எங்கள் தலைமை ஆசிரியை.

பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். யாரிடமும் பேச்சுத் தமிழ் பேசமாட்டார். தக்காளிக்காரியிடம்கூட "இது என்ன விலை கூறுகிறாய்?" என்றுதான் கேட்பார். அவள் மிரண்டுபோய் விலையைக் குறைத்துவிடுவாள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வகுப்பு நடக்கும்போது பூனை மாதிரி வந்து கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிடுவார். போகும்போது ஒன்றும் சொல்லமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். அந்தக் கண்ணாடி கழன்றால் நாங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவோம்.

டியூஷன் எடுக்க வேண்டுமானால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அது எல்லாப் பள்ளியிலும் இருந்த வழக்கம். ஆனால் எங்கள் பள்ளியில் மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. "காசு வாங்கிப் பாடம் சொல்வதை நான் தடுக்கவில்லை. உனக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் காசு கொடுக்க முடியாத நம் பிள்ளை ஒருத்தி அதே இடத்தில், அதே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குத் தனியாக ஒரு நாள், மிச்சம் மீதி ஒரு நாள் என்பதெல்லாம் கிடையாது" என்பார். பணம் கொடுக்கிறவர்கள் இதற்குச் சம்மதித்தால் டியூஷன், இல்லாவிட்டால் இல்லை. பாதிப் பேர் அதைக் கேட்டதுமே வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள்.

அறுபத்தைந்து ஜனவரிக் கடைசியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் சூடு பிடித்தது. கல்லூரிப் பையன்கள் தெருவில் இறங்கினார்கள், ஊர்வலம், தடியடி, அங்கங்கே துப்பாக்கிச் சூடு என்று தினமும் செய்தி வந்தது. பள்ளிகளை மூடச் சொல்லிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பையன்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதை இப்போதும் சொல்வேன். ஆனால் எனக்கு வேறு கவலை. என் கையில் பதினோராம் வகுப்பு இருந்தது. அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்புதான். பரீட்சை வாசல்படியில் நிற்கிறது, பாதிப் பாடம் பாக்கி.

கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர்களைப் பாழுங்கிணற்றில் தள்ளினாலும் ஒரு புத்தகத்தோடு மேலே வந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பதே சுமாரான பிள்ளைகளுக்காகத்தான். அப்படி என் வகுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி விஜயா, வெங்காய மண்டி வைத்திருந்த சுந்தரம் அண்ணாச்சியின் மகள். இன்னொருத்தி ராக்கு. அவள் அப்பா மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து வீட்டில் படுத்திருந்தார், அம்மா வீராயி கூலி வேலைக்குப் போனாள். அரையாண்டில் இரண்டு பேருமே கணக்கில் பெயில், மார்க்கிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே மாதிரி விழிப்பார்கள், ஒரே மாதிரி தப்புப் போடுவார்கள். தினமும் உட்கார வைத்து இடித்தால் இரண்டும் கரையேறும், விட்டால் இரண்டும் முழுகும்.

பள்ளி மூடிய வாரமே அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "டீச்சர், புள்ளை பாஸ் பண்ணலைன்னா மாப்பிள்ளை வீட்டுல பேச்சு நின்னுரும். தெனமும் வந்து சொல்லிக் குடுங்க" என்றார். நான் பெரிய டீச்சரின் நிபந்தனையைச் சொன்னேன். "அதுக்கென்ன, தாராளமா!" என்று எழுந்து போனார். மறுநாள் போய்ப் பார்த்தால் விஜயா பக்கத்தில் இன்னொரு பெண், காதில் பொன் ஜிமிக்கி ஆட, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இது யாரு அண்ணாச்சி?"

"எங்க அக்கா மக. பாவம், கணக்கு வராது."

"அண்ணாச்சி, காசு கொடுக்க முடியாத பிள்ளைன்னு சொன்னேன். காசு கொடுக்க மனசில்லாத பிள்ளைன்னு சொல்லலை."

அவர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வியாபாரி, தான் தோற்ற பேரத்தையும் ரசிக்கத் தெரிந்தவர். "சரி, நீங்களே ஒரு ஆளைக் கூட்டியாங்க" என்றார்.

ராக்குவைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா படுத்தபடியே, "அவ வேலைக்குப் போயிருக்கா தாயி, அவுக ஆத்தாகூட" என்றார். எங்கே என்று கேட்டால், அண்ணாச்சி மண்டிக்கு! நான் விஜயாவுக்குப் பாடம் சொல்லப் போன வீட்டுக்கு நேர் பின்னால், தகரக் கொட்டகையில், சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் நறுக்கிக் கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள், நடுவில் குன்று மாதிரி வெங்காயம். என்னைப் பார்த்ததும் ராக்கு அரிவாளை முந்தானைக்குள் ஒளித்தாள். மடையச்சி, வேலை செய்கிறதை மறைக்க வேண்டியதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வீராயியைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். அவள் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "ஸ்கூல் இருந்தா அது ஸ்கூல் நேரம் டீச்சர், நான் குறுக்க வந்தனா? ஸ்கூல் இல்லாட்டி அது வேலை நேரம்தானே? புள்ளை வீட்டுல சும்மா உக்காந்திருந்தா அடுப்பு எரியுமா?" என்றாள். பி.டி. பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"ரெண்டு மணி நேரம் மட்டும் விடு வீராயி. பரீட்சை எழுதினா டீச்சர் டிரெயினிங் போகலாம். மாசச் சம்பளம்."

"அவ எந்திரிச்சா அவ இடத்துக்கு ஆள் வேணுமே. லாரி லாரியா வந்து நிக்கிது. இன்னைக்கு இடத்தை விட்டா நாளைக்கு வேற ஒருத்தி வந்து உக்காந்துருவா."

அவள் சொன்னது உண்மை. மண்டியில் உட்காருகிற இடம் என்பது வேலை. எழுந்தால் போயிற்று. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் மறுநாள் ராக்கு கையைக் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா வரச் சொல்லிருச்சு டீச்சர்." அவள் இடத்தில் தங்கச்சி செல்லம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிற வாலு. "இவளுக்கும் ஸ்கூல் இல்லைல, நானும் இவளும் சேந்து நறுக்கிக்கிறோம்" என்றாள் வீராயி. பள்ளி திறக்கிற வரைக்கும்தானே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

டியூஷன் மச்சில் நடப்பதாக இருந்தது. விஜயாவின் அம்மாவுக்கு மண்டிப் பெண் மச்சுக்கு வருவது பிடிக்கவில்லை. நேரே சொல்லவும் கூச்சம். "கீழ நல்லா காத்து வரும் டீச்சர்" என்றார். காற்று வரத்தான் செய்தது, வெங்காய நெடியோடு. மண்டிக் கணக்கப்பிள்ளையின் அறையில், பக்கத்துக் கொட்டகைச் சத்தத்துக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் கண்ணீர் விட்டுக்கொண்டு வட்டத்தின் பரப்பளவு கண்டுபிடித்தோம். விஜயா முதல் நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் அவளே ராக்குவுக்கு இடம் போட்டு வைத்தாள். கூட முழிக்க ஒரு ஆள் இருந்தால் கணக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். விஜயா மெல்ல மெல்லத் தேறி வந்தாள். ராக்கு பின்னால் போனாள். அரையாண்டில் சரியாகப் போட்ட லாப நஷ்டக் கணக்கைக்கூட இப்போது தப்பாகப் போட்டாள். படி எல்லாம் சரி, பெருக்கல் சரி, வகுத்தல் சரி, விடை மட்டும் கொஞ்சம் குறைகிறது. எப்போதும் குறையத்தான் குறைகிறது, ஒருநாளும் கூடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "தூக்கத்துல போடுறியாடி?" என்று கத்தினேன். அவள் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள், மறுபடியும் குறைந்தது.

ஒரு நாள் வேறு வழியில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன். ஒரு வியாபாரி இருபது மூட்டை அரிசி வாங்கி விற்கிறார், லாபம் என்ன என்று கணக்கு. ராக்கு முணுமுணுத்தாள். "இருவது மூட்டை... கழிவு போக..."

"நில்லு. என்ன கழிவு?"

"மூட்டைக்கு மூட்டை கழிவு தள்ளணும்ல டீச்சர். கல்லு, மண்ணு, அழுகல்..."

"அரிசி எங்கடி அழுகும்?"

"ஈரம் இருக்கும்ல."

அடக் கடவுளே! மண்டியில் வெங்காயம் எடை போடும்போது மூட்டைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் விலை போடுவார்கள். டியூஷன் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கொட்டகையில் அதையே கேட்டுக் கேட்டு அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பழைய பேப்பரை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரைக் கணக்கில் எறும்புக்குக் கழித்திருக்கிறாள். துணிக் கணக்கில் கிழிசலுக்குக் கழித்திருக்கிறாள். மதுரையிலிருந்து புறப்பட்ட ரயில் என்ன வேகத்தில் திண்டுக்கல் வந்தது என்ற கணக்கில்கூட எதையோ குறைத்திருந்தாள். "இங்க என்னடி அழுகுச்சு?" என்றேன். "கொடை ரோடு ஸ்டேஷன்ல தண்ணி புடிக்க நிக்கும்ல டீச்சர்" என்றாள்.

விஜயா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ராக்குவும் சிரித்தாள், ஆனால் அடுத்த கணக்கில் மறுபடியும் கழித்தாள். "புத்தகத்துல இருக்கிற வெங்காயம் அழுகாதுடி" என்று நூறு தடவை சொன்னேன். தலையாட்டுவாள், கழிப்பாள். கை தானாகப் போகிறது. பரீட்சையில் இப்படிப் போட்டால் ஒரு மார்க் தேறாது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கழிவுதான் ஞாபகம் வரும்.

அந்த வாரம் பெரிய டீச்சர் மண்டிக்கே வந்துவிட்டார். குடையை மடக்கி மூட்டைமேல் வைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெங்காயம் அவருக்கும் கண்ணைக் கரிக்கத்தான் செய்தது, ஆனால் துடைக்கவில்லை. ராக்கு போட்ட கணக்கை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவள் தவறாகப் போடவில்லை. கேட்காத ஒன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். நீ அதைச் செய்யாதே, செய்யாதே என்றால் கை அங்கேதான் போகும்" என்றார் என்னிடம். பிறகு ராக்குவிடம், "வலது ஓரத்தில் ஒரு கோடு போடு. கணக்கைப் படித்ததும் உன் கழிவை முதலில் அங்கே எழுது. எழுதினாயா? இப்போது அதன்மேல் ஒரு கோடு கிழி. இனி உன் வியாபாரி ஏமாறமாட்டார். கணக்கைப் போடு" என்றார்.

ராக்கு எழுதினாள், அடித்தாள், போட்டாள். விடை சரி. இன்னொன்று கொடுத்தார், அதுவும் சரி. அவ்வளவுதான் வைத்தியம். பரீட்சைத் தாளின் ஓரத்தில் ரஃப் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அடித்துவிட்டால் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. நான் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் வீண். எனக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

எழுந்து போகும்போது கொட்டகையைப் பார்த்து நின்றார். "அந்தச் சிறியவள் நம் பிள்ளைதானே?"

"ஆமா டீச்சர், எட்டாம் வகுப்பு செல்லம். அக்காவுக்குப் பதிலா உட்கார்ந்திருக்கா. ஸ்கூல் திறந்ததும் வந்துருவா."

மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி திறந்தது. வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டால் அங்கங்கே பதில் இல்லை. ஒருத்தி தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டாள், ஒருத்தி சுருட்டுச் சுற்றப் போய்விட்டாள், ஒருத்திக்கு வத்தலக்குண்டில் கல்யாணமே முடிந்துவிட்டது. டியூஷன் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருத்தி தவறாமல் வந்தார்கள். பெரிய டீச்சர் எங்களை வீடு வீடாக அனுப்பினார். சிலரைக் கூட்டி வந்தோம், சிலரை முடியவில்லை. ராக்கு வந்தாள். செல்லம் வரவில்லை. பரீட்சை முடிகிற மட்டும் ராக்குவுக்குச் சாயங்கால வேலையும் முடியாது, அதையும் சேர்த்துச் செல்லம்தான் பார்க்கிறாள் என்று வீராயி சொன்னாள். "அவளுக்குக் கை வேகம் டீச்சர், அண்ணாச்சியே மெச்சுறாக" என்றாள். எனக்கு அந்த மெச்சுதல் பிடிக்கவில்லை. ஆனால் ராக்குவை எழுப்பி அங்கே உட்கார வைக்க எனக்கு மனசும் வரவில்லை.

மே மாதக் கடைசியில் பேப்பரில் நம்பர் வந்தது. இரண்டு பேரும் பாஸ். விஜயா கொஞ்சம் மேலே, ராக்கு விளிம்பில். அண்ணாச்சி பழனிக்குப் போய் வந்து பள்ளிக்கூடம் முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். வீராயி மண்டியிலிருந்து அப்படியே வந்தாள், சேலையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. "பாஸுன்னா நல்லதுதானே டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அழுதாள். நானும் அழுதேன். பெரிய டீச்சர் டிரெயினிங் பள்ளிக்கு விண்ணப்பம் வரவழைத்து, தானே உட்கார்ந்து நிரப்பி, ராக்குவிடம் கையெழுத்து வாங்கினார். அதுவரை அவர் யாருக்காகவும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ராக்கு டீச்சர் ஆனாள். பக்கத்தில் அகரம் என்ற ஊரில் ரொம்ப நாள் வேலை பார்த்தாள். விஜயா கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள்தான். விழாவில் என்னிடம் கேட்ட பெண்ணுக்கு இதைச் சொல்லியிருந்தால், டியூஷனால் ஒரு ஏழைப் பெண் முன்னேறிவிட்டாள் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் ராக்கு டிரெயினிங்கில் சேர்ந்தது அந்த வருடம் இல்லை, அதற்கு அடுத்த வருடம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று வராந்தாவில் செல்லத்தைப் பார்த்தேன். அக்காவின் பழைய தாவணியை மடித்துச் சொருகிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்றாள். முழுப் பரீட்சை எழுதாதவளை எட்டிலேயே நிறுத்தாமல் பெரிய டீச்சர் மேலே ஏற்றியிருந்தார். விரலெல்லாம் அரிவாள் கீறல். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஓடிப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டியாடி! அக்கா எங்க? டிரெயினிங் இண்டர்வியூ இன்னைக்குத்தானே, பஸ் ஏறிட்டாளா?"

"இல்லை டீச்சர், அக்கா மண்டியில இருக்கு" என்றாள் செல்லம். "போன தடவை நான் உக்காந்தேன்ல. இந்த வருசம் அக்கா முறை."